ஜீப்புக்குப் பெரிய டயர்: வாங்கும் முன் அளக்க வேண்டியவை

மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி, பழைய ஜிப்ஸி போன்ற நான்கு சக்கர இயக்கம் கொண்ட வண்டி வைத்திருப்பவர்களில் பலருக்கு, முதல் டயர்களில் பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் கட்டிகள்) தேய்ந்து மாற்றும் வேளை வந்ததும், அதே அளவில் வாங்காமல் ஒரு சுற்றுப் பெரிதாகப் போட்டால் என்ன என்ற எண்ணம் வருகிறது. அந்த எண்ணத்தில் தவறில்லை. எவ்வளவு பெரிது என்பதை மட்டும் கடை வாசலில் நின்று முடிவு செய்யாமல், வீட்டு வாசலில் டேப்பும் ஒரு துண்டுச் சாக்பீசும் வைத்துக்கொண்டு முடிவு செய்துவிட்டுப் பிறகு கடைக்குப் போவது நல்லது.

முதலில் வண்டி உண்மையில் எங்கே ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். வடசென்னையில் இருப்பவருடைய ஜீப் மாதத்தில் பெரும்பாலான நாட்கள் எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலி, மாதவரம் பக்கமும் கண்டெய்னர் டிரெய்லர்களுக்கு நடுவே ஊர்ந்துகொண்டிருக்கும். அந்தச் சாலைகளின் ஓரத்தில் கழன்று விழுந்த போல்ட்டும் இரும்புத் துண்டும் கிடக்கும். மழைக்காலத்தில் வியாசர்பாடி, புளியந்தோப்புத் தெருக்களில் நிற்கும் தண்ணீருக்குள் பள்ளம் எது, மேடு எது என்று தெரியாமல் இறங்க வேண்டியிருக்கும். எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை பொன்னேரி தாண்டிப் பழவேற்காட்டு மணலுக்கோ, ஆந்திர எல்லைக்கு அப்பால் நாகலாபுரத்துக் கல்லுப் பாதைக்கோ போகும். இப்படி ஓடும் வண்டிக்கு, தார்ச்சாலைக்கும் மண் பாதைக்கும் பொதுவான ஏ.டி. எனப்படும் ஆல் டெரெய்ன் வகையே போதும் என்பது என் கருத்து. எம்.டி. என்ற மட் டெரெய்ன் டயரில் பட்டன்கள் பெரிதாகவும் இடைவெளி அகலமாகவும் இருப்பதால் சேற்றில் அது தன்னைத்தானே கழுவிக்கொண்டு முன்னேறும். அதே இடைவெளி காரணமாகத் தார்ச்சாலையில் தரையைத் தொடும் ரப்பர் குறைந்து, மழை ஈரத்தில் பிரேக் பிடிக்கும் தூரம் கூடும், இரைச்சலும் கூடும்.

அடுத்தது எண்களின் கணக்கு. தாரின் 16 அங்குல ரிம் வகையில் வந்த 245/75 ஆர்16 என்றால் டயரின் அகலம் 245 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 75 சதவீதம், ரிம்மின் விட்டம் 16 அங்குலம். பக்கச் சுவர் ஏறக்குறைய 184 மில்லிமீட்டர் வரும். அதை இரண்டால் பெருக்கி, 16 அங்குலத்துக்குரிய 406 மில்லிமீட்டரைக் கூட்டினால் மொத்த விட்டம் 774 மில்லிமீட்டர் என்று கிடைக்கும். 265/75 ஆர்16 இதே கணக்கில் 804 மில்லிமீட்டர், அதாவது கிட்டத்தட்ட 4 சதவீதம் பெரிது. 285/75 ஆர்16 என்றால் 834 மில்லிமீட்டர், ஏறக்குறைய 8 சதவீதம். ஜிம்னியின் 195/80 ஆர்15 டயர் 693 மில்லிமீட்டர். அதில் பலர் ஆசைப்படும் 235/75 ஆர்15 போட்டால் 733 ஆகி, 6 சதவீதத்தை நெருங்கிவிடும்.

இந்தக் கணக்கில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. விட்டத்தில் 30 மில்லிமீட்டர் கூடினால் ஆக்சில் உயர்வது அதில் பாதிதான், 15 மில்லிமீட்டர். ஒரு விரல் அகலத்துக்குக் கிடைக்கும் இந்த உயரத்தை நம்பி, முன்பு இறங்கத் தயங்கிய தண்ணீரில் இப்போது இறங்கிவிடலாம் என்று நினைக்கக் கூடாது. பெரிய டயரின் உண்மையான பலன் பக்கச் சுவரில் இருக்கிறது. சுவர் உயரமாக இருந்தால் உள்ளே காற்று அதிகம், பள்ளத்தில் விழும்போது ரிம் நசுங்காமல் டயர் வாங்கிக்கொள்ளும், மணலில் காற்றைக் குறைத்தால் டயர் நீளமாகப் படியும். அதனால்தான் ரிம்மைப் பெரிதாக்கி டயரைப் பெரிதாகக் காட்டுவதை நான் ஆதரிப்பதில்லை. 2020-இல் வந்த தாரின் உயர்ந்த வகையில் 255/65 ஆர்18 டயர் வந்தது. அதன் விட்டம் 789 மில்லிமீட்டர், 16 அங்குல ரிம் கொண்ட வகையைவிட 15 மில்லிமீட்டர் அதிகம். ஆனால் அதன் பக்கச் சுவர் 18 மில்லிமீட்டர் குட்டை. பார்வைக்கு அது பெரியது. பள்ளத்துக்கு 16 அங்குலமே மேல்.

என் வண்டிக்கு முதல் முறை டயர் மாற்றியபோது 285/75 ஆர்16 போட்டேன். கடைக்காரர் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிக் காட்டினார், எங்கும் உரசவில்லை. நான்கு பேரை ஏற்றிக்கொண்டு எண்ணூரில் ஒரு வேகத்தடையில் ஏறியபடியே திரும்பியபோது, முன் வலது சக்கரம் மட்கார்டின் உள்பக்கப் பிளாஸ்டிக்கைக் கடித்து இழுத்தது. சமதளத்தில் ஆளில்லாத வண்டியின் சக்கரத்தைத் திருப்பிப் பார்ப்பது சோதனையே ஆகாது என்று அன்று புரிந்தது.

சரியான சோதனை இதுதான். பழைய டயர்கள் இருக்கும்போதே, ஒரு முன் சக்கரத்தை உறுதியான கல் மேடையிலோ நடைபாதை ஓரத்திலோ ஏற்றி, வண்டிக்குள் வழக்கமான ஆட்களை உட்கார வைத்து, ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி, டயருக்கும் உட்புறப் பிளாஸ்டிக், பம்பரின் பின்விளிம்பு, மட்ஃபிளாப், சஸ்பென்ஷன் கை ஆகியவற்றுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். பிறகு மறுபக்கச் சக்கரத்துக்கும் அப்படியே செய்ய வேண்டும். புதிய டயரின் ஆரம் எவ்வளவு கூடுகிறதோ, அகலத்தில் பாதி எவ்வளவு கூடுகிறதோ, அதற்கு மேல் குறைந்தது ஒரு விரல் இடமாவது மிஞ்ச வேண்டும். சேறு ஒட்டும் இடமும் அதற்குள் அடங்கியாக வேண்டும். என் 285 அளவில் ஆரம் 30 மில்லிமீட்டரும் ஒவ்வொரு பக்க அகலம் 20 மில்லிமீட்டரும் கூடியிருந்தன. முன்பே அளந்திருந்தால் அந்த உரசல் வந்திருக்காது.

ரிம்மை மாற்றாமல் டயரை மட்டும் அகலமாக்குவதற்கும் எல்லை உண்டு. 265/75 ஆர்16-க்கு 7 முதல் 8 அங்குல அகலமுள்ள ரிம் பொருந்தும். 285/75 ஆர்16-க்கு 7.5 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. ரிம்மையும் மாற்றுபவர்கள் ஆஃப்செட் எண்ணை (சக்கரம் எவ்வளவு உள்ளே, வெளியே தள்ளி நிற்கும் என்பதைக் காட்டுவது) பார்க்காமல் வாங்கக் கூடாது. சக்கரம் வெளியே தள்ளிக்கொண்டு நின்றால் பார்வைக்கு மிடுக்குதான். ஆனால் பேரிங்கின் மேல் சுமை கூடும், திரும்பும்போது டயர் வரையும் வட்டம் பெரிதாகி, உரசாத இடத்திலும் உரசும்.

பக்கச் சுவரில் அளவுக்கு அடுத்து நிற்கும் எண்ணையும் எழுத்தையும் பலர் படிப்பதே இல்லை. 112எஸ் என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும், மணிக்கு 180 கிலோமீட்டர் வரை பொருந்தும். 104 என்றால் 900 கிலோ. புதிய டயரின் சுமை எண் பழையதைவிடக் குறையவே கூடாது. எல்.டி. என்ற எழுத்து இருந்தால் அது லைட் டிரக் வகை. சுவர் தடிமனாக இருப்பதால் கல்லுப் பாதைக்கு நல்லது, ஆனால் அதே சுமையைத் தாங்க அதற்குச் சில பி.எஸ்.ஐ. கூடுதல் காற்று வேண்டும். பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள் தயாரிப்புத் தேதி: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். இதைப் படிக்க எனக்குச் சொல்லித் தந்தவர் எங்கள் தெருவில் இருந்த ஓய்வுபெற்ற டயர் தொழிலாளி. 1946-இல் பொம்மை பலூன் செய்த எம்.ஆர்.எஃப். டயர் தொழிற்சாலையாக வளர்ந்த திருவொற்றியூரில் அப்படிப்பட்டவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். 2009-ஆம் ஆண்டின் தரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி அது கட்டாயம், இறக்குமதி டயருக்கும் சேர்த்துத்தான். புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ விலையை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாமல், டயரைப் புரட்டி இவற்றைப் படித்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். செகண்ட் ஹேண்ட் டயரும் ரீபட்டன் செய்த டயரும் இந்த வேலைக்கு வேண்டாம்.

சட்டத்தையும் மறக்க முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாக எடுத்துரைத்தது. தயாரிப்பாளரே அதே மாடலின் வேறொரு வகைக்குக் கொடுத்திருக்கும் அளவுக்குள் நிற்பது வம்பில்லாதது. அதைத் தாண்ட நினைப்பவர், காப்பீட்டு நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

உரசலும் சட்டமும் ஒருபுறம் இருக்க, எஞ்சினும் பிரேக்கும் இந்த மாற்றத்தை உணரும். டயர் 4 சதவீதம் பெரிதானால் ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி உண்மையில் 83-இல் ஓடும். 8 சதவீதம் என்றால் 86. ஓடோமீட்டரும் அப்படியே குறைத்துக் காட்டும் என்பதால், மைலேஜ் விழுந்துவிட்டதாகத் தோன்றுவதில் ஒரு பங்கு வெறும் கணக்குப் பிழை. மறு பங்கு டயரின் எடையால் வருவது, அது உண்மையானது. ஒவ்வொரு கியரும் சற்று நீளமானது போல் இழுவை குறையும். கத்திப்பாரா, பாடி மேம்பாலங்களில் ஏறும்போது கியரைக் குறைக்க வேண்டிவரும். என்னைக் கேட்டால் 4 சதவீதத்தில் நிறுத்திக்கொள்வேன், நானும் கடைசியில் 265/75-இல்தான் நின்றேன்.

வாங்கும்போது ஐந்தாக வாங்க வேண்டும். நான்கு சக்கர இயக்கத்தில் ஒரு சக்கரம் மட்டும் வேறு விட்டத்தில் சுழன்றால் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேசும் இடது, வலது சக்கரங்களுக்குப் பிரிக்கும் டிஃபரன்ஷியலும் ஒன்றை ஒன்று முறுக்கிக்கொள்ளும். ஆகவே பழைய அளவு ஸ்டெப்னி பஞ்சர் கடை வரை மெதுவாகப் போக உதவுமே தவிர, அதற்கு மேல் ஆகாது. பின்கதவில் ஸ்டெப்னி தொங்கும் வண்டியானால், புதிய டயர் பம்பரைத் தொடுகிறதா, கதவின் கீல் அந்த எடையைத் தாங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மாட்டியபின் பேலன்சிங், அலைன்மெண்ட் இரண்டும் செய்து, நூறு கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். காற்று எவ்வளவு என்பதற்குச் சாக்பீஸ் பதில் சொல்லும்: பட்டன்களின் குறுக்கே தடித்த கோடு போட்டு, நேரான காலித் தெருவில் சிறிது தூரம் ஓட்டிப் பார்த்தால், நடுவில் மட்டும் அழிந்திருந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரங்களும் அழிந்து நடு மிஞ்சினால் காற்று குறைவு. கோடு முழுதும் சமமாக அழியும் அளவைக் கண்டுபிடித்து எழுதி வைத்துக்கொள்ளலாம். மணலுக்கு 18 பி.எஸ்.ஐ. வரை இறக்கலாம், திரும்பத் தார்ச்சாலை ஏறும் இடத்திலேயே நிரப்பிவிட வேண்டும் என்பதால், சிறிய கம்ப்ரஸர் ஒன்று வண்டியில் இருந்தாக வேண்டும். கடற்கரை ஓரத்து மணலில் மட்டும் வண்டியை இறக்க வேண்டாம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை அங்கே ஆமைகள் முட்டையிட வருகின்றன.