பழைய காருக்குப் பொருந்தும் கூலன்ட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

இன்ஜின் சூட்டைத் தணிக்கும் திரவமான கூலன்ட்டின் கேனில் தெரியும் பச்சையும் சிவப்பும் வெறும் சாயம். இந்த நிறம் என்றால் இந்தச் சரக்கு என்று எல்லோருக்கும் பொதுவான விதி எதுவும் கிடையாது. ஒரு நிறுவனத்தின் பச்சையும் இன்னொரு நிறுவனத்தின் பச்சையும் உள்ளுக்குள் முற்றிலும் வேறாக இருக்கலாம். எனவே, ‘டேங்கில் பச்சைதானே இருக்கிறது, பச்சையையே ஊற்றுவோம்’ என்று பழைய காரில் கை வைக்காதீர்கள்.

பெரும்பாலான கூலன்ட்டுகளின் அடிப்படை எத்திலீன் கிளைக்கால்தான். அரிப்பைத் தடுக்க அதில் என்ன சேர்க்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு. பழைய வகை ஐஏடி (IAT). இதிலுள்ள சிலிக்கேட், பாஸ்பேட் போன்ற கனிம உப்புகள் உலோகத்தின் மேல் முழுக்க ஒரு மெல்லிய படலத்தைச் சீக்கிரமே போட்டுவிடும். ஆனால் அந்த உப்புகள் செலவாகிக்கொண்டே இருக்கும். அதனால்தான் 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். 1990-களின் நடுவில் பரவிய ஓஏடி (OAT) வகையில் கரிம அமிலங்கள் இருக்கின்றன. இவை அரிப்பு தொடங்கும் இடத்தில் மட்டும் மெதுவாக வேலை செய்யும், 5 ஆண்டு வரை தாங்கும். இரண்டையும் கலந்து செய்தது ஹெச்ஓஏடி (HOAT). ஐரோப்பிய நிறுவனங்கள் கரிம அமிலத்தோடு சிலிக்கேட்டையும், ஜப்பானிய நிறுவனங்கள் பாஸ்பேட்டையும் சேர்ப்பது வழக்கம். கடின நீரோடு பாஸ்பேட் சேர்ந்தால் உப்புப் படியும் என்பது ஐரோப்பியர்களின் கவலை. சிலிக்கேட் வாட்டர் பம்ப் சீலைத் தேய்க்கும் என்பது ஜப்பானியர்களின் கவலை.

முதலில் மேனுவலைப் பாருங்கள். அது இல்லையென்றால் ரேடியேட்டரைப் பாருங்கள். மேலும் கீழும் (அல்லது இரு பக்கமும்) பிளாஸ்டிக் டேங்க், நடுவில் வெள்ளி நிற மெல்லிய தகடுகள், இரண்டும் சேரும் இடத்தில் மடித்து நசுக்கிய விளிம்பு என்று இருந்தால் அது அலுமினியம். டேங்கும் உலோகமாக இருந்து, ஓரத்தில் பற்றுவைத்த மங்கலான சாம்பல் கோடு ஓடினால், பெயின்ட்டை ஒரு மூலையில் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். மஞ்சளாகவோ செம்பு நிறமாகவோ மின்னினால் அது பித்தளை–செம்பு ரேடியேட்டர். அந்தச் சாம்பல் கோடு ஈயப்பற்று.

ஈயப்பற்று இருக்கும் வண்டிக்கு ஐஏடிதான் எங்கள் பரிந்துரை. சாதாரண ஓஏடி ஈயப்பற்றைச் சரியாகப் பாதுகாப்பதில்லை. அதோடு, பல ஓஏடி கூலன்ட்டுகளில் இருக்கும் 2-எத்தில் ஹெக்சனோயிக் அமிலம் சிலிக்கான் கேஸ்கெட்டுகளையும் சில நைலான் பாகங்களையும் மெல்ல இளக்கிவிடும். ‘எல்லாக் காருக்கும் ஏற்றது’ என்ற கேன்களில் பலவும் ஓஏடிதான், கவனம். முன்லேபிளை நம்பாமல், நிறுவனம் வெளியிடும் பாதுகாப்புத் தகவல் தாளில் இந்த அமிலமோ அதன் சோடியம், பொட்டாசியம் உப்போ இருக்கிறதா என்று தேடுங்கள். ஏஎஸ்டிஎம் டி3306 (கார் கூலன்ட்டுக்கான தர அளவுகோல்) என்ற முத்திரை இருப்பது நல்லதுதான். ஆனால் அந்தத் தரத்தை ஐஏடியும் எட்டும், ஓஏடியும் எட்டும். அதை வைத்து வகையைச் சொல்ல முடியாது.

தொழிற்சாலையிலேயே ஓஏடி ஊற்றி வந்த வண்டி என்றால் அதே வகையில் தொடருங்கள். ஃபோக்ஸ்வாகன் வண்டிகளில் இது ரொம்ப முக்கியம். அந்த நிறுவனத்தின் கூலன்ட்டுகளான நீலப்பச்சை ஜி11-உம் பழைய சிவப்பு ஜி12-உம் கலந்தால் பழுப்புச் சகதியாகிவிடும். பின்னால் வந்த ஊதா நிற ஜி12 பிளஸ் இரண்டோடும் சேரும்.

உள்ளே இருப்பது என்னவென்றே தெரியாவிட்டால் கலக்காதீர்கள். அவசரத்துக்கு டாப்-அப் செய்ய டிஸ்டில்டு வாட்டர் போதும். உறைபனி விழும் இடமென்றால் அதையும் அளவோடுதான் ஊற்ற வேண்டும். ஒரு கண்ணாடிக் குடுவையில் பழையதையும் புதியதையும் சம அளவு ஊற்றி 24 மணி நேரம் வைத்துப் பார்க்கலாம். கலங்கினாலோ, கூழ் திரண்டாலோ, அடியில் மண்டி நின்றாலோ சேராது என்று பொருள். தெளிவாகவே இருந்தாலும் சேரும் என்று முடிவு கட்டிவிட முடியாது. சகதியாகவில்லை என்பதை மட்டும்தான் அது காட்டும். ஒன்றின் பாதுகாப்பை இன்னொன்று குறைப்பது கண்ணுக்குத் தெரியாது.

வகையை மாற்றுவதானால் முழுதாகக் கழுவியாக வேண்டும். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகே மூடியைத் திறக்கவும். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். ரேடியேட்டரைத் திறந்து வடியுங்கள், இன்ஜின் பிளாக்கில் டிரெயின் பிளக் (வடிகால் திருகு) இருந்தால் அதையும் கழற்றுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, டிஸ்டில்டு வாட்டர் நிரப்பி, தெர்மோஸ்டாட் (சூடானால் திறக்கும் வால்வு) திறந்து மேல் ஹோஸ் சூடாகும் வரை ஓட்டி, ஆறவிட்டு வடியுங்கள். வடிவது நிறமில்லாமல் தெளிவாக வரும்வரை இதையே செய்யுங்கள். 3 அல்லது 4 முறை ஆகும். வடித்த கூலன்ட் இனிக்கும், நாயும் பூனையும் நக்கினால் சாகும், குழந்தைகளுக்கும் அதே ஆபத்து. மூடிய கேனில் பிடித்து வையுங்கள், சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

இனி நிரப்பும் கணக்கு. பலர் சறுக்குவது இங்கேதான். எவ்வளவு வடித்தாலும் பிளாக்கிலும் ஹீட்டர் கோரிலும் (காருக்குள் சூடு தரும் சிறு ரேடியேட்டர்) தண்ணீர் தங்கிவிடும். அதன் மேல் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து விற்கும் ரெடிமிக்ஸை ஊற்றினால் கலவை நீர்த்துப்போகும். அதனால் தண்ணீர் கலக்காத கான்சென்ட்ரேட் வாங்குங்கள். மேனுவலில் மொத்தக் கொள்ளளவு 7 லிட்டர் என்றால், முதலில் கான்சென்ட்ரேட் 3.5 லிட்டரை ஊற்றிவிட்டு, மீதி இடத்தை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புங்கள். உள்ளே தங்கிய தண்ணீரும் சேர்ந்து கலவை சரிபாதியாகிவிடும். அது மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. கான்சென்ட்ரேட் அதிகமானால் நல்லது என்று நினைக்க வேண்டாம். 60 சதவீதத்தைத் தாண்டினால் வெப்பத்தைக் கடத்தும் திறன் குறைகிறது. பனியே இல்லாத ஊரானாலும் 33 சதவீதத்துக்குக் கீழே போகாதீர்கள். அதற்குக் கீழே அரிப்புத் தடுப்பு போதாது. குழாய்த் தண்ணீர் எப்போதுமே வேண்டாம். அதிலுள்ள கால்சியம் படியும், குளோரைடு அலுமினியத்தை அரிக்கும்.

காற்றை வெளியேற்ற ஹீட்டர் முழுச் சூட்டில் இருக்க, வண்டியின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, பிளீட் ஸ்குரூ இருந்தால் குமிழியில்லாமல் வரும்வரை திறந்து வையுங்கள். மேல் ஹோஸை அமுக்கி விட்டால் மாட்டிய காற்று வரும். மறுநாள் காலை ஆறிய இன்ஜினில் மட்டத்தைப் பாருங்கள், கொஞ்சம் இறங்கியிருப்பது இயல்பு. சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி பார்க்கும்போது இறங்கிக்கொண்டே இருந்தால், வாட்டர் பம்பின் கீழ்த் துளையையும் ஹோஸ் முனைகளையும் விளக்கடித்துத் தேடுங்கள். உலர்ந்த வெள்ளைப் பொருக்கோ நிறத் தடமோ இருக்கும் இடம்தான் கசிவு. எங்கேயும் தடம் இல்லை, டேங்கில் குமிழி மட்டும் விடாமல் வருகிறது என்றால் ஹெட் கேஸ்கெட்டை (இன்ஜின் பிளாக்கும் ஹெட்டும் சேரும் இடத்திலுள்ள அடைப்பு) மெக்கானிக்கிடம் சோதிக்கச் சொல்லுங்கள். அந்தப் பழுதை எந்தக் கூலன்ட்டாலும் சரிசெய்ய முடியாது.