லைசென்ஸ் துப்பாக்கி களவு போனால்: புகாரிலிருந்து கோர்ட் உத்தரவு வரை

கீழ்ப்பழனி மலையில் காப்பி, மிளகு, மலைவாழை போட்டிருக்கிற குடும்பம் எங்களுடையது. அப்பா காலத்திலிருந்து பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸில் ஒரு 12 போர் டபுள் பேரல் (இரட்டைக் குழல்) துப்பாக்கி இருந்தது. அப்பாவுக்குப் பிறகு முறைப்படி அண்ணன் பெயருக்கு மாறியது. தோட்ட வீட்டுப் பூட்டை உடைத்து அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அது திரும்பக் கைக்கு வரும்வரை ஸ்டேஷன், கலெக்டர் ஆபீஸ், கோர்ட் என்று அண்ணனோடு அலைந்தவன் நான். அதன்பிறகு எங்கள் பக்கத்தில் யார் வீட்டில் துப்பாக்கி களவு போனாலும் எனக்குப் போன் வருகிறது. அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அன்றைக்கே சொல்லுங்கள்

பலரும் செய்வது என்னவென்றால், "வீட்டு ஆட்கள் யாராவது எடுத்திருப்பார்களோ, ரெண்டு நாள் விசாரிச்சுப் பார்ப்போம்" என்று வாயை மூடிக்கொள்வது. ஊருக்குத் தெரிந்தால் கேவலம், லைசென்ஸ் போய்விடும் என்ற பயம் வேறு. தயவுசெய்து அப்படி இருக்காதீர்கள். நகை போனால் நஷ்டம் நம்மோடு போச்சு. துப்பாக்கி போனால் அது யார் உயிரை எடுக்கும் என்று சொல்ல முடியாது. அந்த இரண்டு நாளில் ஒருவன் அதை வைத்து யாரையாவது சுட்டுவிட்டால், போலீஸ் முதலில் வந்து நிற்பது உங்கள் வாசலில்தான்.

துப்பாக்கியோ தோட்டாவோ தொலைந்தாலும் களவு போனாலும் பக்கத்துக் காவல் நிலையத்துக்கு உடனே சொல்ல வேண்டும் என்பது லைசென்ஸ் நிபந்தனைகளில் ஒன்று. புத்தகத்தின் நிபந்தனைப் பக்கத்தை நம்மில் பெரும்பாலோர் படித்ததே இல்லை. மீறினால் 1959 ஆயுதச் சட்டத்தின் 30-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதைவிடப் பெரிய அடி 17-வது பிரிவு. நிபந்தனையை மீறினார் என்று காரணம் காட்டி லைசென்ஸை நிறுத்தி வைக்கவும் ரத்து செய்யவும் அதில் இடமிருக்கிறது.

போன் எடுப்பதற்கு முன் ஒன்றை மட்டும் சரிபாருங்கள். தேர்தல் நேரத்தில் ஸ்டேஷனிலோ டீலரிடமோ ஒப்படைத்த துப்பாக்கியைத் திரும்ப வாங்கினீர்களா? 2024 மக்களவைத் தேர்தல் முடிந்து மாதக்கணக்காக எடுக்காமல் விட்டவர்கள் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். லைசென்ஸில் ரீடெய்னராக, அதாவது உங்களுக்காகத் துப்பாக்கியை எடுத்துச் செல்ல அனுமதி பெற்றவராக, யார் பெயராவது இருந்தால் அவரையும் கேளுங்கள். அது இரண்டும் இல்லையென்றால் உடனே 100 அல்லது 112.

போலீஸ் வரும்வரை பீரோக் கைப்பிடி, உடைந்த பூட்டு, ஜன்னல் கம்பி எதையும் தொடாதீர்கள். பார்க்க வருகிற அக்கம்பக்கத்தாரையும் வாசலிலேயே நிறுத்துங்கள். மிச்சத் தோட்டாக்களைக்கூடப் போலீஸ் முன்னால் எண்ணினால் போதும். கைரேகைக்காரர்கள் வருவதற்குள் நாமே அழித்துவிட்ட தடயத்தை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

புகாரில் என்ன எழுத வேண்டும்

எண். முதலில் எண், கடைசியிலும் எண். "12 போர் டபுள் பேரல் ஒன்று" என்று மட்டும் எழுதினால் அது எந்த மாவட்டத்தில் பிடிபட்டாலும் உங்களுடையது என்று யாருக்கும் தெரியப் போவதில்லை. லைசென்ஸ் புத்தகத்தில் ஆயுத எண் இருக்கும். புத்தகமும் சேர்ந்து போயிருந்தால் வாங்கிய பில், தேர்தலுக்கு ஒப்படைத்த ரசீது, டீலரின் பதிவேடு, கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் உங்கள் கோப்பு, இவற்றில் ஏதாவது ஒன்றில் கிடைக்கும். தேசிய ஆயுத லைசென்ஸ் தரவுத்தளத்தில் உங்களுக்குக் கொடுத்திருக்கும் தனி அடையாள எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.

துப்பாக்கி இன்னும் கையில் இருக்கிறவர்கள் இந்தப் பத்தியைப் படித்ததும் எழுந்துபோய்ப் பாருங்கள். டபுள் பேரலில் எண் பெரும்பாலும் ஒரே இடத்தில் மட்டும் இருக்காது. துப்பாக்கியை மடக்கித் திறந்தால் பேரலின் அடிப்பக்கத் தட்டையில் ஒன்று, அது வந்து உட்காரும் இரும்பில் ஒன்று, இடது கை பிடிக்கும் முன்பக்க மரத்தைக் கழற்றினால் அதன் உள்ளிரும்பில் ஒன்று. மூன்றையும் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து, துப்பாக்கி இருக்கும் வீட்டில் இல்லாமல் வேறு இடத்தில் வையுங்கள்.

எண்ணுக்கு அடுத்தது அடையாளம். எங்கள் துப்பாக்கியின் கட்டையில், கைப்பிடி ஒடுங்கும் இடத்தில் ஒரு விரிசல் உண்டு. அப்பா அதைச் செப்புக் கம்பியால் நெருக்கமாகச் சுற்றி, முனையை உள்ளே அடித்து, மேலே அரக்கு பூசியிருந்தார். வேறு எந்தத் துப்பாக்கியிலும் அது இருக்க வாய்ப்பில்லை என்பதால் அண்ணன் அதையும் புகாரில் எழுதினார். வார் எந்த நிறம், எந்தக் குதிரை கொஞ்சம் இறுக்கம், எங்கே துரு ஏறியது என்று உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதுங்கள். தோட்டா போயிருந்தால் எந்தக் கம்பெனி, எந்த அளவு ரவை, எத்தனை என்று தனியாகக் கொடுங்கள். வாங்கிய கணக்கு லைசென்ஸில் பதிவாகியிருக்கும், அதோடு ஒத்துப்போக வேண்டும்.

மதிப்பு என்ற இடத்தில் தாத்தா வாங்கிய விலையைப் போடாதீர்கள், இன்றைய சந்தை விலையைப் போடுங்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 5,000 ரூபாய்க்குக் குறைவான சாதாரணத் திருட்டு, போலீஸ் தானாக வழக்குப் பதிந்து விசாரிக்கும் குற்றங்களில் வராது. பழைய பில்லில் 800 ரூபாய் என்று இருப்பதை அப்படியே எழுதி ஏன் வம்பை விலைக்கு வாங்க வேண்டும்?

பூட்டு உடைக்கப்பட்டிருந்தால் "காணாமல் போனது" என்று எழுதாமல் "திருடப்பட்டது" என்றே எழுதுங்கள். உடைக்கப்படாமல் இருந்தால் உடைந்ததாக எழுதாதீர்கள். பீரோ சாவி ஆணியில் தொங்கியது உண்மையென்றால் அதைத்தான் சொல்ல வேண்டும். பின்னால் கோர்ட்டில் கூண்டேறும்போது முதல் புகாரில் இருக்கும் ஒரு பொய் மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட வைக்கும்.

எஃப்.ஐ.ஆர். வாங்காமல் நகராதீர்கள்

சி.எஸ்.ஆர். ரசீது (புகார் வந்தது என்பதற்கு மட்டுமான ரசீது) கொடுத்து "பார்க்கிறோம், போங்க" என்று அனுப்பப் பார்ப்பதுண்டு. ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். காவல்துறை இணையதளத்தில் தொலைந்த ஆவணத்துக்குப் பதிவு செய்கிற வசதி இதற்கு ஆகாது.

எங்கள் வழக்கு பழைய சட்டத்தில் நடந்தது. 2024 ஜூலை 1 முதல் பிரிவு எண்கள் மாறிவிட்டன. வீட்டுக்குள்ளோ பொருள் வைக்கும் கட்டடத்துக்குள்ளோ நடந்த திருட்டு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 305-வது பிரிவு, ஏழு ஆண்டு வரை தண்டனை. "14 நாள் பூர்வாங்க விசாரணை செய்துவிட்டுத்தான் எஃப்.ஐ.ஆர்." என்று யாராவது சொன்னால், அந்த ஏற்பாடு மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களுக்குத்தான் என்பதை மரியாதையாக எடுத்துச் சொல்லலாம். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும். பதிய மறுத்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) பிரிவின்படி எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். பயணத்தில் களவு போயிருந்தால் எந்த ஸ்டேஷனிலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். கேட்கலாம், எல்லை அவர்களுடையதா என்பது அவர்கள் கவலை.

எஃப்.ஐ.ஆர். கைக்கு வந்ததும் அதன் நகலோடு லைசென்ஸ் கொடுத்த அதிகாரிக்கு ஒரு கடிதம். மாவட்டங்களில் கலெக்டர், சென்னை மாதிரி மாநகரங்களில் போலீஸ் கமிஷனர். நேரில் கொடுத்தால் சீலும் தேதியும் வாங்குங்கள். லைசென்ஸ் புத்தகத்தை யார் கேட்டாலும் எழுத்தில் ரசீது இல்லாமல் அசலைக் கொடுக்காதீர்கள்.

எங்கே போகிறது, எங்கே கேட்பது

மலையோரத்தில் களவு போகிற துப்பாக்கி பெரும்பாலும் வேட்டைக்குத்தான் போகிறது. காட்டுப்பன்றிக்கும் கடமானுக்கும் போகிறவன் அதை வீட்டில் வைக்க மாட்டான், புதரிலும் பாறை இடுக்கிலும் ஒளித்து வைப்பான். பிடிபடும்போது பிடிப்பவர்கள் போலீஸாக இல்லாமல் வனத்துறையாக இருக்கலாம். அப்போது துப்பாக்கி ஏதோ ஒரு ரேஞ்ச் ஆபீஸில் வன உயிரினக் குற்ற வழக்கில் கிடக்கும், உங்கள் ஸ்டேஷனுக்கு அது தெரியவே தெரியாமல் போகலாம். அதனால் எண்ணையும் அடையாளத்தையும் எஃப்.ஐ.ஆர். நகலையும் வைத்துச் சுற்றுவட்டார வனச்சரக அலுவலகங்களுக்குக் கடிதம் எழுதுங்கள். எல்லை ஓரமாக இருந்தால் கேரளா, கர்நாடகப் பக்கத்துக்கும் விசாரணை அதிகாரி மூலமாகத் தகவல் போகச் சொல்லுங்கள். துப்பாக்கி டீலர்களிடமும் பழுது பார்ப்பவர்களிடமும் எண்ணைக் கொடுத்து வையுங்கள்.

எங்களுடையது அப்படித்தான் கிடைத்தது. வேறு மாவட்டத்தில் வனத்துறைச் சோதனையில் மாட்டியது. பேரலடியில் இருந்த எண்ணை அரம் போட்டு ராவியிருந்தார்கள். முன்மரத்தைக் கழற்ற அவர்களுக்குத் தோன்றவில்லை போலும், உள்ளிரும்பில் எண் முழுசாக இருந்தது. அப்பா சுற்றிய செப்புக் கம்பியும் அப்படியே இருந்தது. எண்ணை அழிப்பது ஆயுதச் சட்டத்தின் 8-வது பிரிவில் தடை செய்யப்பட்ட காரியம். எல்லா எண்ணையும் ராவியிருந்தாலும் மனசு விட வேண்டாம். எண்ணை அடிக்கும்போது அடியில் இருக்கும் உலோகமும் அழுந்துகிறது, அதனால் தடய அறிவியல் ஆய்வகத்தில் அமிலம் வைத்து அதை மீட்டுப் பார்க்கும் முறை உண்டு. அந்த ஆய்வைக் கேட்டு எழுதிக் கொடுங்கள்.

நீங்களாகத் தேடிப் போகாதீர்கள். "இன்னாரிடம் இருக்கிறது, இவ்வளவு கொடுத்தால் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது வந்தால் பணம் கொடுக்காமல் அந்தத் தகவலை அப்படியே விசாரணை அதிகாரியிடம் சொல்லுங்கள். தோட்டத்தில் எங்காவது கிடப்பதாக ஆள் வந்து சொன்னாலும் தொடச் சொல்லாதீர்கள். உள்ளே தோட்டா இருக்கலாம், சுடத் தயாராக இழுத்து வைத்திருக்கலாம்.

விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சுரக்ஷா சன்ஹிதாவின் 193-வது பிரிவு சொல்கிறது. நீங்களும் போய்க் கேட்டுக்கொண்டே இருங்கள். அதிகாரி மாறினால் புதியவரிடம் முழுக் கோப்பையும் மறுபடி கொடுங்கள். இதில் அலுப்புப் பட்டால் துப்பாக்கி வராது.

கிடைத்த பிறகு

பிடிபட்ட துப்பாக்கியை ஸ்டேஷனிலேயே கையில் கொடுத்துவிட மாட்டார்கள். மகஜர் போட்டு, கைப்பற்றிய பொருளை அனுப்பும் படிவமான ஃபார்ம் 95-இல் கோர்ட்டுக்குப் போகும். சுடும் நிலையில் இருக்கிறதா என்ற ஆய்வுக்கும் போகும். ஆயுதச் சட்ட வழக்கில் 39-வது பிரிவின்படி வழக்குத் தொடர மாவட்ட மாஜிஸ்திரேட்டின் அனுமதியும் வேண்டியிருப்பதால் அதற்கும் நாளாகும்.

வழக்கு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இடைக்காலமாகத் திரும்பக் கேட்டு மனு போடலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 451-வது பிரிவு இப்போது சுரக்ஷா சன்ஹிதாவில் 497, பழைய 457 இப்போது 503. 2002-இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில், பறிமுதல் பொருள்களைத் தேவைக்கு மேல் ஸ்டேஷனில் போட்டு வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வக்கீல் அதைக் காட்டுவார். கொலை மாதிரி பெரிய வழக்கில் சான்றுப் பொருளாகிவிட்டால் மட்டும் விசாரணை முடியும்வரை கிடைப்பது கடினம்.

வேட்டை வழக்கில் மாட்டியிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். குற்றத்துக்குப் பயன்பட்டுப் பறிமுதலான ஆயுதம் அரசுச் சொத்து என்று 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 39-வது பிரிவு சொல்கிறது. அங்கே உங்கள் பக்கம் நின்று பேசுவது, வேட்டைக்கு முந்தைய தேதி போட்ட எஃப்.ஐ.ஆர். ஒன்றுதான். அன்றைக்கே சொல்லுங்கள் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

துப்பாக்கி இல்லையே, எதற்குப் புதுப்பிப்பது என்று லைசென்ஸைக் காலாவதியாக விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கோர்ட் முதலில் கேட்பது நடப்பு லைசென்ஸ் இருக்கிறதா என்பதைத்தான். இல்லாதவர் கையில் துப்பாக்கியைக் கொடுக்க எந்த நீதிபதிக்கும் வழியில்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் ஐந்து ஆண்டுக்குச் செல்லும். தேதியைக் குறித்து வைத்து முன்கூட்டியே விண்ணப்பியுங்கள், களவு நடந்ததை அதில் மறைக்காமல் சொல்லுங்கள்.

கடைசிவரை கிடைக்கவில்லை என்றால், கண்டுபிடிக்க இயலவில்லை என்ற சான்றை எழுத்தில் வாங்குங்கள். இன்சூரன்ஸுக்கும் வேறு துப்பாக்கி வாங்க அனுமதி கேட்பதற்கும் அது வேண்டும். ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைக்கக் கூடாது என்பதால், களவு போனதை உங்கள் கணக்கில் எப்படிக் காட்டுவது என்பதை லைசென்ஸ் அதிகாரியிடம் எழுத்திலேயே கேட்டுவிடுங்கள்.

துப்பாக்கி திரும்பி வந்ததும் தோட்டாவைப் போட்டுப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். திருடியவன் எந்த வெடியைப் போட்டானோ தெரியாது. முதலில் லைசென்ஸ் உள்ள டீலரிடம் கொண்டுபோய், பேரல் எங்காவது உப்பியிருக்கிறதா, உள்ளே குழி விழுந்திருக்கிறதா, பூட்டு இறுக்கமாக உட்காருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கோர்ட் உத்தரவில் விற்கக் கூடாது, மாற்றக் கூடாது, கேட்டால் கொண்டுவர வேண்டும் என்ற நிபந்தனைகள் இருக்கும். அதனால் பழுது பார்ப்பதாக இருந்தால் அதற்கும் முன்அனுமதி வாங்கிவிட்டுக் கையை வையுங்கள். உத்தரவின் நகலை லைசென்ஸ் அதிகாரிக்கும் உங்கள் ஸ்டேஷனுக்கும் கொடுத்து, துப்பாக்கி திரும்ப வந்த விவரத்தைப் பதிவு செய்யச் சொல்லி ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.