ஈசாக்கின் வீட்டில் யார் யாரோடு பேசினார்கள்? வேதக் குடும்பங்களை வீட்டுக் கூட்டத்தில் படிக்கும் விதம்

எங்கள் பாளையங்கோட்டைப் பக்கம் வீட்டுக் கூட்டத்தில் குடும்பத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்றால் முதலில் திறக்கப்படுவது எபேசியர் 5தான். மனைவிகளே கீழ்ப்படியுங்கள், புருஷர்களே அன்புகூருங்கள். எல்லாரும் தலையாட்டுவார்கள். ஜெபம் முடிந்ததும் சுண்டலைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அதே ஆட்களுக்கு ஆதியாகமம் 27ஐ எடுத்துப் பாருங்கள்: தம்பி யாக்கோபு, அம்மா ரெபெக்காள் சொல்படி வெள்ளாட்டுத் தோலைக் கட்டி அண்ணன் ஏசாவாக நடித்து, கண் தெரியாத அப்பா ஈசாக்கிடம் அண்ணனுக்குரிய ஆசீர்வாதத்தை வாங்கிவிடும் கதை. ஒருவரும் சீக்கிரம் எழுந்திருக்க மாட்டார்கள். ஏனென்றால் அது அவரவர் வீடு.

பள்ளிக்கூடத்தில் சரித்திரப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் தெருவில் பெண்கள் கூடும் வேத பாடத்தை நான்தான் நடத்துகிறேன். அங்கே செய்து பார்த்த முறையைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில், ஒரே ஒரு குடும்பத்தை எடுங்கள். ஆதாம் முதல் தாவீது வரை எல்லா வீட்டுக் குற்றத்தையும் ஒரே மாலையில் அடுக்கினால் கேட்பவர்களுக்கு மிஞ்சுவது 'பாவம், எல்லா வீட்டிலும் இப்படித்தான்' என்ற சோம்பலான ஆறுதல் மட்டும்தான். ஈசாக்கின் வீட்டை எடுத்தால் மூன்று தலைமுறை தொடர்ச்சியாகக் கிடைக்கும். நான்கு வாரத்துக்குப் பிரித்துக்கொள்ளுங்கள்: 25இன் பின்பாதியும் 27ம் முதல் வாரம், 29, 30 இரண்டாம் வாரம், 37, அப்புறம் 42 முதல் 44 வரை மூன்றாம் வாரம், 33, 45, 50 கடைசி வாரம். அதிகார வரிசை சற்று மாறும், பரவாயில்லை. ஒப்புரவாகும் பகுதிகளைக் கடைசியில் சேர்த்துப் படிப்பதுதான் நல்லது.

நடத்துகிறவர் வாசிக்கக் கூடாது. ஈசாக்குக்கு ஒருவர், ரெபெக்காளுக்கு ஒருவர் என்று குரல்களைப் பிரித்துக் கொடுங்கள். ஏசா கதறி அழுது, 'தகப்பனே, உம்மிடம் இந்த ஒரே ஆசீர்வாதம்தானா?' என்று கேட்கும் இடத்தை (27:38) ஒரு மனுஷி சத்தமாக வாசித்தால் போதும், அதற்கு வியாக்கியானம் தேவைப்படாது.

முதல் வாரம் ஒரு சார்ட் பேப்பர் கட்டாயம். (டீச்சர் புத்தி, விடாது.) நான்கு மூலையில் நான்கு பெயர்: ஈசாக்கு, ரெபெக்காள், ஏசா, யாக்கோபு. 27ஆம் அதிகாரத்தை வாசிக்க வாசிக்க யார் யாரோடு பேசுகிறார்களோ அவர்களுக்கிடையே கோடு போடச் சொல்லுங்கள். ஈசாக்கு ஏசாவோடு. ரெபெக்காள் யாக்கோபோடு. யாக்கோபு அப்பாவோடு, அதுவும் வேஷம் போட்டு. பிறகு ஏசா அப்பாவோடு. மறுபடி ரெபெக்காள் யாக்கோபோடு. கடைசியாக ரெபெக்காள் ஈசாக்கோடு. எப்போதும் இரண்டிரண்டு பேர்தான். நான்கு பேரும் சேர்ந்து ஒரு தடவைகூட ஓரிடத்தில் இல்லை. ரெபெக்காளுக்கும் ஏசாவுக்கும் இடையே கோடு இல்லை. அண்ணன் தம்பிக்கு இடையேயும் இல்லை. புருஷன் பெஞ்சாதிக்கு நடுவே விழும் அந்த ஒரே கோட்டையும் கவனிக்கச் சொல்லுங்கள்: ஏசா தம்பியைக் கொல்லப் பார்க்கிறான் என்பது ரெபெக்காளுக்குத் தெரியும். அதை அவள் ஈசாக்கிடம் சொல்லவில்லை. ஏசா கட்டிய ஏத்தின் குமாரத்திகளால் எனக்கு உயிரே வெறுத்துப்போனது, யாக்கோபும் அப்படி ஒருத்தியைக் கட்டிவிட்டால் நான் எதற்கு உயிரோடிருக்க வேண்டும் என்று பேச்சைத் திருப்பிவிடுகிறாள் (27:46).

இதை நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். கோடு இல்லாத இடத்தை அவர்களே கண்டுபிடிக்கட்டும். எங்கள் கூட்டத்தில் ஒரு அக்கா பேப்பரைப் பார்த்துவிட்டு, "எங்க வீட்லயும் அப்பாவுக்கு ஒரு விஷயம் போகணும்னா அம்மா வழியாத்தான் போகும் டீச்சர்" என்றார். பாடம் அங்கேதான் ஆரம்பித்தது.

அடுத்து, 25:23க்குத் திரும்புங்கள். மூத்தவன் இளையவனைச் சேவிப்பான் என்று கர்த்தர் சொன்னது ரெபெக்காளிடம். அதை அவள் ஈசாக்கிடம் சொன்னாளா? வேதம் சொல்லவில்லை. இதில் இரண்டு கட்சி கட்டாயம் உருவாகும், விட்டுவிடுங்கள், வாதாடட்டும். 'கர்த்தர் முன்குறித்ததுதானே, அப்புறம் அவள் செய்ததில் என்ன தப்பு?' என்று யாராவது கேட்பார்கள். கர்த்தரின் வாக்கு நிறைவேற வெள்ளாட்டுத் தோல் தேவைப்பட்டிருக்காது என்பதுதான் என் பதில். வாக்கு நிறைவேறியது, ஆனால் அந்தத் தோலுக்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. 'சில நாள்' உன் மாமன் வீட்டில் இரு என்று அனுப்பினாள் (27:44). அவன் அங்கே 20 வருஷம் இருந்தான். அம்மாவும் மகனும் திரும்பச் சந்தித்ததாக ஒரு வசனமும் இல்லை. அவளுடைய தாதி தெபொராள் இறந்தது எழுதப்பட்டிருக்கிறது (35:8). ரெபெக்காள் மக்பேலா என்ற குடும்பக் கல்லறைக் குகையில் அடக்கம் பண்ணப்பட்டாள் என்பதைப் பின்னால் யாக்கோபு சொல்லித்தான் அறிகிறோம் (49:31).

கூட்டத்தில் வேதம் நன்றாகத் தெரிந்த ஒருவர் எபிரெயர் 12:16ஐ எடுத்து ஏசாவைச் சீர்கெட்டவன் என்று முடித்துவைக்கப் பார்ப்பார். ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் சேஷ்டபுத்திரபாகத்தை, அதாவது மூத்த மகனுக்குரிய உரிமையை, விற்றதைப் பற்றி அது சொல்கிறது, அதை ஒத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவன் அழுகையும் வேதத்தில்தான் இருக்கிறது. யாக்கோபை விசுவாச வீரனாக்கி வெள்ளையடிப்பதும், ஏசாவை வில்லனாக்குவதும் ஒரே வேலைதான்: நம் வீட்டைப் பார்க்காமல் தப்பித்துக்கொள்ளும் வேலை.

இரண்டாம் வாரம் லேயாள். இளையவள் ராகேலுக்காக உழைத்த யாக்கோபுக்கு மாமன் லாபான் ஏமாற்றிக் கட்டிவைத்த மூத்த மகள். பெண்கள் கூட்டமானால் இதற்குத் தாராளமாக நேரம் ஒதுக்குங்கள். மூத்தவள் இருக்க இளையவளைக் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கமில்லை என்று லாபான் சொல்லும்போது (29:26), மூத்தவனாக நடித்துப் போன யாக்கோபின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று கேளுங்கள். சிரிப்பு வரும். ஆனால் அந்த ஏமாற்றத்தில் மாட்டிக்கொண்டவள் லேயாள்தான். பிள்ளைகளுக்கு அவள் பெயர் வைத்த காரணத்தை வரிசையாக வாசியுங்கள். ரூபன் பிறந்தபோது, இனி என் புருஷன் என்னை நேசிப்பார். சிமியோனுக்கு, நான் அற்பமாய் எண்ணப்பட்டதைக் கர்த்தர் கேட்டார். லேவிக்கு, இனியாவது என்னோடு சேர்ந்திருப்பார். நான்காவது யூதா, அப்போது கர்த்தரைத் துதிப்பேன் என்கிறாள்.

பிரசங்கங்கள் வழக்கமாக இங்கே நின்று ஆமென் சொல்லிவிடும். நீங்கள் நிற்காதீர்கள். அடுத்த அதிகாரத்தில் அதே லேயாள் தூதாயீம் என்ற கனிகளைத் தங்கை ராகேலுக்குக் கொடுத்துப் புருஷனை ஓர் இரவுக்கு வாங்குகிறாள் (30:16). துதித்தவளுக்கு வலி போய்விடவில்லை. புருஷன் ஏறெடுத்துப் பார்க்காத வீட்டில் வருஷக்கணக்காக வாழும் பெண் ஒருத்தி உங்கள் கூட்டத்தில் இருந்தால், அவளுக்கு இந்த 30ஆம் அதிகாரம்தான் துணை நிற்கும். 'நீயும் துதி, சரியாகிவிடும்' என்று அவளிடம் சொல்ல வேண்டாம்.

மூன்றாம் வாரத்தை வெள்ளாட்டில் ஆரம்பியுங்கள். யாக்கோபு அப்பாவை ஏமாற்றியது அண்ணனின் வஸ்திரத்தாலும் வெள்ளாட்டாலும். பிள்ளைகள் யாக்கோபை ஏமாற்றியது, தாங்கள் விற்றுவிட்ட தம்பி யோசேப்பின் அங்கியாலும் வெள்ளாட்டின் இரத்தத்தாலும். இதைக் கண்டுபிடிக்கும்போது எல்லார் முகத்திலும் ஒரு மாற்றம் தெரியும். கூடவே 33:2ஐயும் காட்டுங்கள். 400 பேரோடு வரும் ஏசாவுக்குப் பயந்து, பணிப்பெண்களையும் அவர்கள் பிள்ளைகளையும் முன்னே நிறுத்துகிறான், லேயாளையும் அவள் பிள்ளைகளையும் நடுவில், ராகேலையும் யோசேப்பையும் கடைசியில். அப்பா மனதில் தங்களுக்கு எந்த இடம் என்று அந்தப் பிள்ளைகளுக்கு அன்றே தெரிந்திருக்கும். யோசேப்புக்கு அப்பா கொடுத்த பலவருணமான அங்கி அதற்கு அப்புறம் வந்தது.

இந்த வாரத்தில் நான் அதிக நேரம் நிற்பது யூதாவிடம். யோசேப்பை விற்றுவிடலாம் என்று யோசனை சொன்னவன் அவன்தான் (37:26, 27). 20 வெள்ளிக்காசு. அதே யூதா 44ஆம் அதிகாரத்தில், யோசேப்பின் தம்பி பென்யமீனுக்குப் பதிலாக என்னை அடிமையாக வைத்துக்கொள்ளும் என்கிறான். நடுவில் அப்பா திருந்தினாரா? இல்லை. பென்யமீன்மேல் உயிரையே வைத்திருந்தார். அதை யூதாவே தன் வாயால் எகிப்தின் அதிபதிக்கு (அது யோசேப்புதான் என்று தெரியாமலே) எடுத்துச் சொல்கிறான். அன்று எந்தப் பட்சபாதத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டானோ, அதே பட்சபாதம் உள்ள அப்பாவின் மனம் இன்று உடையக் கூடாது என்று கெஞ்சுகிறான். வீட்டையும் நகையையும் அண்ணனுக்கே கொடுத்துவிட்டார்கள் என்று பொருமுகிறவர்கள் எந்தக் கூட்டத்திலும் இருப்பார்கள். அவர்களிடம் நான் பங்கைக் கேட்காதே என்று சொல்வதில்லை. அது வக்கீலோடு பேச வேண்டிய காரியம். அப்பா மாறினால்தான் நான் மாறுவேன் என்று காத்திருக்க வேண்டியதில்லை என்பதை மட்டும் யூதா காட்டுகிறான்.

கடைசி வாரம் மன்னிப்பு. அவசரப்படாதீர்கள், ஏனென்றால் வேதமும் அவசரப்படவில்லை. யோசேப்பு தன்னைக் காட்டுமுன் சிமியோனைப் பிடித்துவைத்தான், சாக்கில் பணத்தையும் பாத்திரத்தையும் வைத்துச் சோதித்தான். ஏசா ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தமிட்டான், உண்மைதான். ஆனால் அண்ணன் ஊரான சேயீருக்கு மெல்ல வருகிறேன் என்று சொன்ன யாக்கோபு சுக்கோத்துக்குப் போய்விட்டான் (33:17). பிறகு அப்பாவை அடக்கம் பண்ண இரண்டு பேரும் வந்து நின்றார்கள் (35:29). மன்னித்தவர்கள் ஒரே கூரையின் கீழ் இருந்தாக வேண்டும் என்று இங்கே எழுதியிருக்கவில்லை. யாக்கோபு எகிப்தில் 17 வருஷம் வாழ்ந்து இறந்த பிறகும், யோசேப்பு பழிவாங்குவானோ என்று அண்ணன்மார் பயந்தார்கள். அதைக் கேட்டு யோசேப்பு அழுதான் (50:17). அந்த அழுகைக்கு நேரம் கொடுத்துவிட்டு, நீங்கள் நினைத்த தீமையைத் தேவன் நன்மையாக முடியப்பண்ணினார் என்ற 20ஆம் வசனத்துக்குப் போங்கள்.

இனி எச்சரிக்கைகள். கூட்டத்தில் ஒருவர் சொன்னது அங்கேயே நிற்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஜெபக் குறிப்பு என்ற பெயரில் ஊர் வம்பு எவ்வளவு வேகமாக அடுத்த தெருவுக்குப் போகும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தாவீது ராஜாவின் வீட்டில் மகள் தாமாரை அவள் அண்ணன் அம்னோன் பலவந்தம் செய்ததை (2 சாமுவேல் 13) முன்னறிவிப்பு இல்லாமல் எடுக்காதீர்கள். அவன் உன் அண்ணன்தானே, சும்மா இரு என்று கூடப் பிறந்த அப்சலோமே அவளை அடக்கினான். ராஜாவுக்குக் கோபம் வந்தது, ஆனால் அம்னோனைத் தண்டித்ததாக எதுவும் எழுதப்படவில்லை. அடி, மிரட்டல், சீண்டல் என்று யாராவது வாய் திறந்தால் அந்த இடத்தில் பாடத்தை நிறுத்துங்கள். யோசேப்பைப்போல மன்னித்துவிடு என்று சொல்ல அது நேரமல்ல. பெண்களுக்கு 181, பிள்ளைகளுக்கு 1098, இந்த இரண்டு எண்களையும் சார்ட் பேப்பரின் ஓரத்தில் முதல் வாரமே எழுதி வைத்துவிடுங்கள். யாரும் கேட்டு வாங்க வேண்டியிருக்காது.

நான்கு வாரம் முடிந்து இன்னொரு குடும்பம் வேண்டும் என்று கேட்டால், ஆசாரியன் ஏலியின் வீட்டையும் தீர்க்கதரிசி சாமுவேலின் வீட்டையும் சேர்த்து எடுங்கள் (1 சாமுவேல் 2, 8). ஏலியின் பிள்ளைகள் கெட்டுப்போனதைப் பக்கத்தில் இருந்தே பார்த்து வளர்ந்த சாமுவேலின் பிள்ளைகளும் லஞ்சம் வாங்கினார்கள். பேச நிறைய இருக்கிறது. ஐயர் (சபைப் போதகர்) குடும்பம் வந்து உட்கார்ந்திருக்கும் வாரத்தில் மட்டும், முந்தின நாளே அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது மரியாதை.