நெறி கட்டியிருக்கிறதா? விரலால் பார்க்கும் விதம்

ஒரு முறை தாடைக்குக் கீழே பட்டாணி போல ஏதோ உருண்டது. பயந்துபோய் ஒரு வாரம் அதையே கிள்ளிக் கிள்ளிப் பார்த்தேன், வலி கூடியதுதான் மிச்சம். கடைசியில் பார்த்தால் கடைவாய்ப்பல்லில் சீழ். அப்புறம் நெறி கட்டினால் அதை நோண்டுவதில்லை. புண் எங்கே என்றுதான் தேடுவேன்.

ரத்தக் குழாய்களிலிருந்து திசுக்களுக்குள் கசியும் நீரில் மிஞ்சுவது, நிணநீராக மெல்லிய குழாய்கள் வழியே ரத்தத்துக்கே திரும்புகிறது. வழியில் அதை வடிகட்டுபவை நிணநீர் முடிச்சுகள். உடம்பில் சுமார் 600 உண்டு. கிருமி வந்து சிக்கினால் உள்ளே வெள்ளணுக்கள் பெருகி முடிச்சு வீங்கும். அதனால்தான் காலில் புண் வந்தால் தொடை இடுக்கிலும், கையில் வந்தால் அக்குளிலும் நெறி கட்டுகிறது.

சரி, பார்ப்பது எப்படி? கழுத்தைத் தளர்த்தித் தலையைச் சற்றுக் குனியுங்கள். நுனியால் குத்தாமல், மூன்று விரல்களின் சதைப்பகுதியை வைத்து, தோலோடு சேர்த்து மெதுவாக வட்டமிடுங்கள். காதுக்கு முன், பின், பிடரி, தாடைக்குக் கீழே, பிறகு கழுத்தின் பக்கவாட்டில் இறங்குங்கள். ஒவ்வொரு பக்கமாகப் பாருங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து அழுத்தினால் மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்து தலை சுற்றலாம். தாடைக்கடியில் இரு பக்கமும் ஒரே மாதிரி மெத்தென்று தட்டுப்படுவது உமிழ்நீர்ச் சுரப்பி. அதையும் கட்டி என்று நினைத்து ஓர் இரவு தூங்காமல் கிடந்தவன் நான்.

அக்குளுக்குக் கையைத் தூக்க வேண்டாம், தோல் இறுகிவிடும். தொங்கவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

1 செ.மீ.க்குள் மெத்தென்று நழுவினால் பெரும்பாலும் கவலையில்லை. சளி போன பிறகும் சில வாரம் தட்டுப்படலாம். கல் போல இறுகி, நகராமல், வலியில்லாமல் வளர்ந்தாலோ, இரண்டு வாரம் தாண்டியும் வடியவே தொடங்காவிட்டாலோ, கூடவே எடை குறைந்து இரவில் வியர்த்துக் கொட்டினாலோ மருத்துவரிடம் போங்கள். தோளையும் நடுமார்பையும் இணைக்கும் காறையெலும்புக்கு மேலே தட்டுப்பட்டால் சின்னதென்று விட்டுவிடாதீர்கள். வயிறு, மார்பிலிருந்து வரும் நிணநீர் அங்கேதான், குறிப்பாக இடப்பக்கம், ரத்தத்தில் சேர்கிறது. உள்ளே இருக்கும் நோய் அங்கே முதலில் தலைகாட்டலாம்.

மண்ணீரலும் நிணநீர் மண்டலத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் அதை இப்படித் தேடாதீர்கள். இடது விலா எலும்புகளுக்குள் இருக்கிறது. பெரும்பாலும் பெருத்தால்தான் கைக்குத் தட்டுப்படும். அதைத் தேடுவது மருத்துவர் வேலை.