உயரம் குறைந்தவரிடம் பேசும் முறையும் அவரைப் பற்றிப் பேசும் முறையும்

உயரம் குறைந்த ஒருவரோடு பேசத் தொடங்கும்போது அவருடைய வயதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். திருகோணமலை என்.சி. வீதியில் ஒரு கடைக்குள் நாற்பது வயதுப் பெண் நுழைந்ததும், முகத்தைப் பாராமலே "என்ன குஞ்சு, அம்மா அனுப்பினவவோ?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். "அக்கா, என்ன வேணும்?" என்பதே போதும். விலையை, அவரோடு வந்தவரிடம் சொல்லாமல் அவரிடமே சொல்லி, மிச்சக் காசையும் அவர் கையிலேயே கொடுங்கள். பஸ் மிதிபலகை உயரமாக இருந்தால் "கை தரட்டோ?" என்று கேளுங்கள்; கேளாமல் தூக்கி ஏற்றுவது, எவ்வளவு நல்ல மனதோடு செய்தாலும், அவமதிப்புத்தான்.

குள்ளன், கட்டையன் என்ற பட்டங்களை விடச் சொல்வதில் பெரும்பாலோருக்குத் தடையில்லை. சிக்கல் பாராட்டில் இருக்கிறது. "மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது" என்று மேடையில் ஒருவரை வரவேற்கும்போது, அவர் செய்த வேலைக்கு முன்னே அவருடைய உடலே சபைக்கு அறிமுகமாகிறது. அகத்தியர் தாபனம் இருக்கும் கங்குவேலி நம் மாவட்டத்தில்தான் உள்ளது; ஆனால் குறுமுனி என்ற பெயர் அகத்தியருக்குப் பொருந்தும் என்பதற்காக, பக்கத்து வீட்டுக்காரருக்கும் அது பெருமை சேர்க்கும் என்று எண்ணிவிடக்கூடாது. பெயரால் அழையுங்கள். உயரத்தைச் சொல்லியே ஆக வேண்டிய இடத்தில் "உயரம் குறைந்தவர்" என்றோ, காரணம் தெரிந்து அவரும் சம்மதித்தால் "அகொன்ட்ரோபிளேசியா உள்ளவர்" (எலும்பு வளர்ச்சியைப் பாதிக்கும் ஒரு நிலை) என்றோ எழுதலாம். அவர் தம்மைக் குறிக்க வேறு சொல்லை விரும்பினால் அதையே பின்பற்றுங்கள். அமெரிக்காவில் 1957இல் தொடங்கிய உயரம் குறைந்தோர் அமைப்பு குள்ளரைக் குறிக்கும் 'மிட்ஜெட்' என்ற ஆங்கிலச் சொல்லை எதிர்ப்பதற்கும், ஆட்களைக் காட்சிப்பொருளாக்கிக் காசு சேர்த்த காலத்தின் நாற்றம் அதில் இருப்பதே காரணம்.

குழந்தை பிறந்த வீட்டில் இன்னும் கவனம் வேண்டும். "கிரகணத்துக்கு வெளியில போனீரோ?" என்று தாயைக் கேட்காதீர்கள். எலும்பு வளர்ச்சி தொடர்பான குறை உயரங்களில் மிகப் பரவலாகக் காணப்படும் அகொன்ட்ரோபிளேசியா, எஃப்.ஜி.எஃப்.ஆர்.3 என்ற மரபணுவில் நேரும் மாற்றத்தால் வருகிறது. இந்த மரபணுக் காரணம் 1994இல் கண்டறியப்பட்டது. இந்நிலையோடு பிறப்போரில் ஏறத்தாழ 80 சதவீதத்தினரின் பெற்றோர் சராசரி உயரம் உள்ளவர்கள். மாற்றம் புதிதாக நேர்கிறது, யாருடைய பிழையும் அன்று. அறிவுத்திறனையும் அது பொதுவாகப் பாதிப்பதில்லை. தைரொயிட் குறைபாடு, வளர்ச்சி ஓமோன் குறைபாடு போன்ற வேறு காரணங்களும் உண்டு. அவற்றுக்கு நேரத்தோடு சிகிச்சை தொடங்கினால் பலன் கிடைக்கும். ஆகவே கிளினிக் கொப்பியில் பிள்ளையின் உயரக் கோடு தாழ்ந்துகொண்டே போனால் வைத்தியரிடம் காட்டச் சொல்லுங்கள். "ஊசி போட்டால் வளர்ந்துவிடும்" என்று எல்லாருக்கும் உறுதி கூறாதீர்கள்.

பாடசாலையில் கதிரைக்குக் கீழே கால் வைக்க ஒரு பலகை போடுங்கள். கால்கள் தொங்கினால் முதுகு நோகும். கலைவிழாவில் வாமனன் வேடத்தை அந்தப் பிள்ளைக்கென்று ஒதுக்கிவைக்காமல், எந்த வேடம் விருப்பம் என்று கேளுங்கள்.

பஸ்ஸில் உங்கள் பிள்ளை "அம்மா, அவர் ஏன் கட்டை?" என்று உரத்துக் கேட்டால் வாயைப் பொத்த வேண்டாம். "சில ஆக்கள் அப்பிடித்தான் வளருவினம், அவரும் அப்பா மாதிரிப் பெரிய ஆள்தான்" என்று அவருக்கும் கேட்கும் குரலிலேயே சொல்லுங்கள்.