இடுப்புப் பகுதிக் கதிர்வீச்சின்போது குடலைக் காப்பது எப்படி?

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் ‘கரண்ட் வைக்க வேண்டும்’ என்று மருத்துவர் சொன்னதும் நோயாளியும் வீட்டாரும் கட்டியைப் பற்றியே யோசிக்கிறார்கள். அதன் பக்கத்திலேயே கிடக்கும் குடலைப் பற்றிய நினைப்பு வயிற்றுப்போக்கு தொடங்கிய பிறகுதான் வருகிறது. ஆனால், குடலைக் காக்கும் வேலையில் பெரும்பங்கு முதல் நாள் கதிர்வீச்சுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

இந்த நோய்க்குப் பொதுவாக 45 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவுக் கதிர்வீச்சை 25 பகுதிகளாகப் பிரித்து, வாரத்துக்கு 5 நாள் வீதம் தருகிறார்கள். வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தும், பின்னர் கதிர்மூலத்தை உடலுக்குள்ளேயே கட்டியருகே வைத்துத் தரும் உள்கதிர் சிகிச்சையும் சேரும். சிறுகுடலின் உட்சுவர்ச் செல்கள் 3 முதல் 5 நாட்களுக்குள் உதிர்ந்து புதிதாக முளைப்பவை. வேகமாகப் பிரியும் செல்களைக் கதிர்வீச்சு எளிதில் அழித்துவிடுவதால், உதிர்ந்தவற்றின் இடத்தை நிரப்பப் புதியவை போதாமல் உட்சுவர் மெலிந்து, பெரும்பாலும் 2 அல்லது 3ஆம் வாரத்தில் வயிறு கலங்கத் தொடங்குகிறது.

திட்டமிடும் நாளிலேயே மருத்துவரிடம் சிலவற்றைச் சொல்லிவிடுங்கள். முன்பு சிசேரியன், குடல்வால் போன்ற வயிற்று அறுவை சிகிச்சைகள் நடந்திருந்தால், குடல் ஒட்டிக்கொண்டு ஒரே இடத்தில் நின்று, நாள்தோறும் அதே பகுதி கதிரை வாங்கக்கூடும். நீரிழிவும் குடல் அழற்சி நோயும் புகைப்பழக்கமும் ஆபத்தைக் கூட்டுகின்றன. கதிரின் வடிவைக் கட்டிக்கு ஏற்ப வளைக்கும் ஐ.எம்.ஆர்.டி. முறையைத் தர முடியுமா என்றும் தயங்காமல் கேளுங்கள். கர்ப்பப்பையை அகற்றியவர்களுக்கு அந்தக் காலியிடத்தில் சிறுகுடல் இறங்கி நிற்பதால் இந்தக் கேள்வி மேலும் முக்கியமாகிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை அத்தகைய 300 பெண்களிடம் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், பழைய முப்பரிமாண முறையில் 3 ஆண்டுகளுக்குள் குறிப்பிடத்தக்க பிற்காலக் குடல் பாதிப்பு 42 விழுக்காட்டினருக்கு வந்தது. கதிர் தரும் முன் படமெடுத்து இடத்தைச் சரிபார்க்கும் படவழிகாட்டலுடன் கூடிய ஐ.எம்.ஆர்.டி.யில் அது 21 விழுக்காடாகக் குறைந்தது.

நோயாளியின் கையிலேயே இருக்கும் மிகப் பெரிய பாதுகாப்பு சிறுநீர்ப்பை. அது நிறையும்போது சிறுகுடலை மேல்நோக்கித் தள்ளி, கதிர் பாயும் இடத்திலிருந்து விலக்குகிறது. பல மையங்களில், முதலில் சிறுநீர் கழிக்கச் சொல்லி, பிறகு அரை லிட்டர் அளவு தண்ணீர் குடித்து, அரை மணி முதல் முக்கால் மணி நேரம் காத்திருக்கச் சொல்வார்கள். உங்கள் மையம் வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். திட்டமிடும் சிடி ஸ்கேன் எடுத்த அன்று இருந்த நிலை ஒவ்வொரு நாளும் திரும்ப வருவதுதான் முக்கியம். சிறுநீர்ப்பையின் அளவு மாறினால் குடல் மட்டுமல்ல, கர்ப்பப்பையும் நகரும். அப்போது கட்டிக்குச் சேர வேண்டிய கதிர் தப்பக்கூடும். தொலைவிலிருந்து பேருந்தில் வரும் பெண்கள், வழியில் கழிப்பறை கிடைக்காது என்றஞ்சிக் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வருவதுண்டு. அவர்களுக்கு, உடல் வறண்டிருப்பதால், அரை லிட்டர் குடித்தாலும் சிறுநீர்ப்பை நேரத்துக்கு நிறையாது. முந்தைய நாள் தாராளமாகத் தண்ணீர் குடித்துவிட்டு, மையத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாக வந்து சேர்வது நல்லது. இயந்திரம் தாமதமாகி அடக்க முடியாமல் போனாலோ, இடையில் சிறுநீர் கழித்துவிட்டாலோ, கூச்சப்பட்டு மேசையில் படுத்துவிடாமல் தொழில்நுட்பரிடம் சொல்லிவிடுங்கள். மலச்சிக்கல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். நிறைந்த மலக்குடல் கர்ப்பப்பையை முன்னே தள்ளும்.

சாப்பாட்டில், நார்ச்சத்தை அறவே நிறுத்திவிட வேண்டும் என்ற பழைய அறிவுரையை எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றத் தேவையில்லை. லண்டன் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையின் ஆய்வில், நார்ச்சத்தைக் கூட்டிச் சாப்பிட்டவர்களுக்குக் குடல் தொந்தரவு குறைவாகவே இருந்தது. வயிற்றுப்போக்கு தொடங்கினால் பாலை நிறுத்திப் பாருங்கள். மோரும் கஞ்சியும் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா அடங்கிய மாத்திரைகள் சிலருக்கு உதவுகின்றன என்றாலும், வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது அவையும் ஆபத்தாகலாம் என்பதால் மருத்துவர் அனுமதித்தால் மட்டுமே எடுங்கள். வயிற்றுப்புண்ணுக்குத் தரும் சுக்ரால்ஃபேட்டை வாய்வழி உட்கொள்வது இந்தப் பாதிப்பைத் தடுப்பதில்லை.

வயிற்றுப்போக்கைச் சிறிய தொந்தரவு என்று பொறுத்துக்கொள்ள வேண்டாம். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் பாதிக்கும் மருந்து. நீர் வற்றிய உடலில் அது ஏறினால் கேடு பன்மடங்காகும். ஓ.ஆர்.எஸ். கரைசலை உடனே தொடங்கி, அடுத்த மருந்து ஏற்றும் முன் மருத்துவரிடம் தெரிவியுங்கள். வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபராமைடு மாத்திரையை மருத்துவர் எழுதிக்கொடுத்தால், முதலில் 4 மில்லிகிராமும் பிறகு ஒவ்வொரு முறை இளகிப் போகும்போதும் 2 மில்லிகிராமும் என்பது வழக்கம். ஒரு நாளில் 16 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. காய்ச்சல், மலத்தில் இரத்தம், தொடர் வாந்தி, கடும் வயிற்றுவலி, வழக்கத்தைவிட நாளொன்றுக்கு 7 முறையோ அதற்கு மேலோ கூடுதலாகப் போதல் ஆகியவற்றில் எது வந்தாலும் மாத்திரையை நம்பியிராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஆனால், வயிறு சரியில்லை என்று நீங்களாகவே கதிர்வீச்சு நாட்களை விட்டுவிடாதீர்கள். உள்கதிரும் சேர்த்து மொத்தச் சிகிச்சை 8 வாரங்களுக்குள் முடிய வேண்டும். நீண்டுகொண்டே போனால் நோயைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பு குறைகிறது.

சிகிச்சை முடிந்த சில வாரங்களில் பெரும்பாலோருக்கு வயிறு பழைய நிலைக்குத் திரும்பும். மாதங்கள் அல்லது ஆண்டுகள் கழித்து மலத்தில் இரத்தமோ, ஓயாத வயிற்றுப்போக்கோ வந்தால், அது கதிர்வீச்சின் பிற்காலப் பாதிப்பாகவும் இருக்கலாம், வேறு நோயாகவும் இருக்கலாம். இரண்டையும் பரிசோதித்துத்தான் அறிய முடியும். சிறுகுடலின் கடைப்பகுதி கெட்டிருந்தால் வைட்டமின் பி12 குறையும் என்பதால் அதற்கான இரத்தப் பரிசோதனையையும் கேளுங்கள். வேறொரு மருத்துவமனையில் குடல் உள்நோக்கிப் பரிசோதனைக்கு (கொலோனோஸ்கோபி) போகும்போது, எத்தனை ஆண்டுகள் ஆகியிருந்தாலும் இடுப்பில் கதிர்வீச்சு பெற்றதை முதலிலேயே தெரிவியுங்கள்: மலக்குடலின் முன்சுவரில், கதிர்பட்ட இடத்தில் தேவையின்றிப் பரிசோதனைக்காகச் சதை எடுத்தால், அந்தப் புண் ஆறாமல் துளையாகிவிடக்கூடும்.