இதயச் செயலிழப்பும் உடல் தளர்ச்சியும்: மீண்டும் மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் தவறுகள்

இதயச் செயலிழப்புக்கு (உடலுக்குப் போதிய இரத்தத்தை இதயம் உந்த முடியாத நிலை) சிகிச்சை பெற்றுக் குளச்சலுக்கோ கருங்கலுக்கோ வீடு திரும்பியவரை, ஒரு மாதம் முடிவதற்குள் மூச்சுத்திணறலுடன் மீண்டும் நாகர்கோவிலுக்குக் கொண்டுபோக நேர்ந்தால், பழி முழுவதும் இதயத்தின்மேல் விழுகிறது. இதயத்தோடு சேர்ந்து தசையும் தளர்ந்துபோனதை வீட்டில் யாரும் கணக்கில் எடுத்திருப்பதில்லை.

“வயசாச்சுல்லா, அப்பிடித்தான் இருக்கும்” என்று விட்டுவிடுவதே முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன என்பது என் எண்ணம். தளர்ச்சி முதுமையின் மறுபெயர் அன்று. 2001-இல் அமெரிக்க முதியோர் மருத்துவ ஆய்வாளர் லிண்டா ஃபிரீட் குழுவினர் வகுத்த அளவுகோலின்படி, முயலாமலே எடை குறைதல், ஓயாத களைப்பு, கைப்பிடி வலுவிழத்தல், நடை மந்தமாதல், நடமாட்டம் சுருங்குதல் ஆகிய ஐந்தில் மூன்று இருந்தால் அது தளர்ச்சியாகும். வழக்கமான நடையில் 4 மீட்டரைக் கடக்க 5 விநாடிக்கு மேல் ஆகிறதென்றால், அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இத்தளர்ச்சி பெண்களிடம் கூடுதலாகக் காணப்பட்டாலும், வீட்டாரின் கண்ணில் படுவது பிந்தித்தான். ஓர் ஆண் இரண்டு நாள் கடலுக்கோ ரப்பர் பால்வெட்டுக்கோ போகாவிட்டால் வீடே கவனிக்கும். அம்மை அடுக்களையில் இடையிடையே உட்கார்ந்து எழுந்து மீன் கழுவுவதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

அடுத்தது, அன்பினால் செய்யும் தவறு. தண்ணீரைக்கூடக் கையில் கொண்டுவந்து கொடுத்து, நோயாளியைக் கட்டிலிலேயே இருத்திவிடுகிறார்கள். மருத்துவமனைப் படுக்கையில் ஏற்கெனவே கரைந்த தொடைத் தசை, வீட்டிலும் படுத்தே கிடந்தால் மேலும் கரைகிறது. அமெரிக்காவில் 60 வயதைக் கடந்த 349 இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் நடத்தி 2021-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், வலிமை, சமநிலை, நடை, தாங்குதிறன் ஆகியவற்றுக்கான பயிற்சி பெற்றவர்களின் உடல் இயக்கத் திறன் நன்றாகவே கூடியது. மீண்டும் மருத்துவமனையில் சேர்வது மட்டும் தெளிவாகக் குறையவில்லை. ஆகவே பயிற்சி தொடங்கியாயிற்று என்று மாத்திரையைக் குறைக்க இதில் இடமில்லை. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமர்வதை எத்தனை முறை செய்யலாம் என்று மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ கேட்டுத் தொடங்கலாம்.

எடை பார்ப்பதிலும் ஏமாற்றம் உண்டு. தசை கரையும்போதே உடலில் நீர் தேங்கினால் தராசு அதே எண்ணைக் காட்டும்; கால் வீங்கியவரைப் பார்த்து “தேறிட்டாரு” என்பவர்களும் இருக்கிறார்கள். நாள்தோறும் காலையில் சிறுநீர் கழித்தபின், உண்பதற்கு முன் எடை பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். 3 நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால், அது சதையன்று, நீர்; அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும்.

நோயாளிக்குக் கஞ்சி போதும் என்று எண்ணி, அதற்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாயும் பப்படமும் சுட்ட கருவாடும் வைப்பது இரட்டைக் கேடு: தசைக்கு வேண்டிய புரதம் சேர்வதில்லை, உப்போ நீரைத் தேக்குகிறது. கருவாட்டை எத்தனை முறை கழுவினாலும் ஊறிய உப்பு முழுதும் போகாது; இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். உப்புக் குறைத்த சாளைக் குழம்பு, முட்டை, பயறு ஆகியவை நல்லவை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பொட்டாசியத்தை உடலில் தக்கவைக்கும் ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரை எடுப்பவர்கள், பொட்டாசியம் மிகுந்த இளநீரைத் தினமும் குடித்தால் இரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும்.

கல்யாணத்துக்கோ கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழாவுக்கோ பஸ்ஸில் போகும் நாளில், வழியில் சிறுநீருக்கு அலைய வேண்டுமே என்று நீர் மாத்திரையை விட்டுவிடுவது இங்கே சாதாரணம், பெண்களிடம் இன்னும் அதிகம். அதற்காக அவர்களைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. அன்றைக்கு நேரத்தை மாற்றிக்கொள்ளலாமா என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்பதே வழி. மூட்டுவலிக்கு மெடிக்கல் ஸ்டோரில் தாமாக வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் மாத்திரைகளோ உடலில் நீரைத் தேக்கி, சிறுநீரகத்தையும் வருத்துகின்றன.

மூச்சு சீரானதும் மறுபரிசோதனைக்குப் போகாமலிருப்பதும் தவறு. 2022-இல் வெளியான ஸ்ட்ராங்-எச்எஃப் ஆய்வில், வீடு திரும்பிய முதல் 6 வாரங்களில் அடிக்கடி பரிசோதித்து மருந்தளவை விரைவாக உயர்த்தியவர்களில் 15.2 சதவீதம் பேரே 180 நாளுக்குள் இறந்தனர் அல்லது இதயச் செயலிழப்புக்காக மீண்டும் சேர்க்கப்பட்டனர். வழக்கமான கவனிப்பில் அது 23.3 சதவீதம். மறுபரிசோதனைக்குப் போகும்போது எடைக் குறிப்பையும், சித்த மருந்து, நாட்டு மருந்து உட்பட உண்ணும் மருந்துகள் அனைத்தையும் ஒரே பையில் எடுத்துச் செல்ல வேண்டும். நடையும் பசியும் எப்படி இருக்கின்றன என்பதை, மருத்துவர் கேட்காவிட்டாலும் கூடப் போகிறவர் சொல்ல வேண்டும்.